120 ரூபாய்க் காலண்டரும் ஆறு ரவிக்கையும்

சுவரில் தொங்கும் 2025 காலண்டரில் இன்னும் பன்னிரண்டு தாள்தான் பாக்கி. மார்கழி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது, அதனால் கடையில் கூட்டமும் கிடையாது. பொங்கல் துணி வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது தினமும் ஒரு தாள் கிழிக்கிற சாதாரணத் தினசரிக் காலண்டரைப் பற்றி. மேலே முருகன் படம் போட்ட அட்டை, கீழே 365 தாள். போன டிசம்பரில் பஜாரில் 120 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "காலண்டரைப் போய்க் காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று வருடத்துக்கு மூன்று காலண்டர் சும்மாவே வந்துவிடும் வீடு இது. அவர் சிரித்ததில் தப்பில்லை.

அருப்புக்கோட்டையில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ரவிக்கை, நடுவில் சுடிதார், ஜூன் பிறந்தால் பள்ளிக்கூட யூனிபார்ம். ஒரு தையல் மிஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின். சாயங்காலம் கொக்கி வைக்கவும் ஹெம்மிங் அடிக்கவும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வருவாள். பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்தப் பதினான்கு வருடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று கேட்டால், "நாளைக்கு வாங்க."

கையில் நோட்டு இல்லாமல் இல்லை. பெயர், அளவு, வாங்கிய தேதி, கொடுக்கும் தேதி என்று கட்டம் போட்ட நோட்டு. அதில் ஒரு கோளாறு இருப்பது ரொம்ப நாள் எனக்கு உறைக்கவே இல்லை. துணி வந்த வரிசையில்தான் நோட்டு போகும். கொடுக்கிற தேதி ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரே நாளுக்கு எத்தனை பேருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பார்க்க வேண்டுமானால் ஒரு மாதத்துப் பக்கத்தைப் புரட்டிக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆள் முன்னால் நிற்கும்போது யார் புரட்டுவார்கள்? வாய் தானாகச் சொல்லிவிடும், "வெள்ளிக்கிழமை தந்துடறேன்" என்று.

2024 ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பதினேழு ரவிக்கை சேர்ந்துபோயிருந்தது. அதில் ஒன்று கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை. ஆரி எம்பிராய்டரி வேலைக்குக் கொடுத்திருந்த துணி திரும்பி வந்ததே முந்தின நாள் ராத்திரிதான். லைனிங் துணியை நனைத்துக் காயப்போட மறந்திருந்தேன். நனைக்காமல் தைத்தால் முதல் தண்ணீரிலேயே உள்துணி சுருங்கி மேல்துணியை இழுத்துக்கொள்ளும், தெரிந்ததுதானே. அவசரத்துக்கு நனைத்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தேன். பெண்ணின் அம்மா சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் கைக்குழி நேராகவா வரும்? இடது கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். மணி ஒன்பதே முக்காலுக்குக் கொக்கி வைக்காத ரவிக்கையை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லம்மா, ஊக்கு குத்திக்கிடறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டுப் புடவையில், மணவறையில், ஊக்கு. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் படிக்கிற மகளிடம் சொல்லி அழுதேன். அவள் என் போனில் இரண்டு செயலி போட்டுக் கொடுத்தாள். ஒன்று, செய்ய வேண்டிய வேலையைப் பட்டியல் போட்டு நினைவுபடுத்துவது. என்ன ஆகும் என்றால், நினைவூட்ட அது மணி அடிக்கும்போது நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன். கையைத் துடைத்துப் போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் நாலு பேர் கழுத்து மாடல் படம் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்து முடிப்பதற்குள் எதற்குப் போனை எடுத்தேன் என்பதே மறந்துவிடும்.

இன்னொன்று, இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று மணி அடிப்பது. பொமடோரோ என்று பெயர். இத்தாலி பாஷையில் தக்காளியாம். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் படிப்பில் மனசு நிற்காமல், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரை முறுக்கி வைத்துப் படித்தாராம். அதிலிருந்து வந்த பெயர். படிக்கிறவர்களுக்கு நல்ல யோசனைதான், மகள் அப்படித்தான் பரீட்சைக்குப் படிக்கிறாள். எனக்கு, ரவிக்கையின் கையை உடம்புத் துணியோடு சேர்த்துத் தைத்துப் பாதி வளைவில் இருக்கும்போது மணி அடித்தது. வளைவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தையல் திரும்பவும் அதே கோட்டில் உட்காராது. நிறுத்தாமல் தைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தவிரவும், எனக்கு ஏற்கனவே ஒரு மணி இருக்கிறது. அடிநூல் சுற்றிய பாபினில் நூல் தீர்ந்தால் எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்துவேன், தண்ணீர் குடிப்பேன். இத்தனை வருடமாக அதுதான் என் ஐந்து நிமிடம். நாலு நாளில் செயலியை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் காலண்டர்.

வாங்கும்போது பெரிய யோசனை ஒன்றும் இல்லை. நோட்டில் கொடுக்கிற தேதி ஓரத்தில் கிடக்கிறது, அதைத் தலைப்பாக வைத்தால் என்ன என்று தோன்றியது, அவ்வளவுதான். இனாம் காலண்டரில் படம் பெரிதாகவும் தாள் தீப்பெட்டி மாதிரியும் இருந்தது. அதனால்தான் கடையில் தாள் பெரிதாக உள்ளதைக் கேட்டு வாங்கினேன். இன்ச் டேப் வைத்து அளந்தேன்: அகலம் நாலே முக்கால் அங்குலம், உயரம் ஆறரை. தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், குளிகை, எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தைப் பலன், எல்லாம் போக அடியில் ஒன்றரை அங்குலம் வெற்றிடம் இருந்தது. கால் அங்குலத்துக்கு ஒரு வரி என்று பென்சிலால் எழுதினால் ஆறு வரி.

அந்த ஆறு வரிதான் இந்தப் பொருளுக்கு நான் கொடுத்த 120 ரூபாய். லைனிங் வைத்த சாதா ரவிக்கை வெட்ட இருபது நிமிடம், தைக்க ஒரு மணி நேரம் ஆகும். ஆறு ரவிக்கை என்றால் எட்டு மணி நேரம். வீட்டு வேலையும் சமையலும் வைத்துக்கொண்டு என்னால் மிஷினில் உட்கார முடிவது அவ்வளவுதான். ஆள் வந்து துணியைக் கொடுத்ததும் தாளைத் தூக்கிப் பார்ப்பேன். வரி காலியாக இருந்தால் பெயரும் எண்ணிக்கையும் எழுதுவேன். நிறைந்திருந்தால் அடுத்த தாள். ஆரி வேலை, பட்டு, கல்யாண ரவிக்கை என்றால் ஒன்றே மூன்று வரியை அடைத்துக்கொள்ளும்படி பெரிதாக எழுதுவேன், கொடுக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னால் உள்ள தாளில்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்னெல்லாம் "முடியாது" என்று நான் சொன்னால் கெஞ்சுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், "எனக்கு மட்டும் பண்ணித் தாக்கா" என்பார்கள். இப்போது தாளைத் தூக்கிக் காட்டுகிறேன். ஆறு பெயரும் எழுதியிருப்பதைப் பார்த்ததும், "சரி, சனிக்கிழமைல எழுதுக்கா" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒரு மதினி மட்டும் ஆறாவது பெயருக்குக் கீழே பேனாவால் தன் பெயரைத் தானே எழுதிவிட்டுப் போனார். அழிக்கவும் முடியவில்லை. அவருக்கு மட்டும் தைத்துக் கொடுத்தேன்.

காலையில் தாளைக் கிழித்ததும் தூக்கிப்போட மாட்டேன். அன்றைக்கு உள்ள ஆறு துணியையும் எடுத்து மிஷின் பக்கத்தில் அடுக்கி, மேலே அந்தத் தாளை ஊக்கால் குத்திவைப்பேன். பெயருக்குப் பக்கத்தில் நூல் நிறத்தையும் ஒரு எழுத்தில் குறித்திருப்பேன், பச்சை என்றால் ப, மெரூன் என்றால் மெ. ஆறையும் நூல் வரிசைப்படி மாற்றி அடுக்கிக்கொண்டால் போதும். ஒரு தடவை மேல்நூலும் பாபினும் மாற்ற மூன்று நிமிடம். பச்சை, மெரூன், திரும்பப் பச்சை என்று மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு விருப்பமில்லை.

இனி ராகு காலத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கிறவர்களில் நம்பிக்கை உள்ளவர்களும் இருப்பீர்கள், இல்லாதவர்களும் இருப்பீர்கள். எனக்குப் பாதி உண்டு. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களுக்கு முழுசாக உண்டு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒருத்தரும் புதுத்துணி கொண்டுவந்து கொடுக்க மாட்டார்கள். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை, புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, சனி ஒன்பதிலிருந்து பத்தரை, எல்லாம் அப்படித்தான். பகல் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒன்றரை மணி நேரம் வருகிறது, அந்த எட்டில் ஒரு பங்கு ராகுவுக்கு. தாளில் தினமும் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இது உறைத்தது. வாசலில் யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் தினமும் எனக்குச் சும்மா கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது, நான்தான் அதை டிவி பார்த்துக் கழித்திருக்கிறேன்.

ஒரே சிக்கல் என் மாமியார். "ராகு காலத்துல கத்திரிய எடுக்காத" என்பார். வெட்டும் வேலைக்குத்தான் எனக்கு அந்த அமைதி வேண்டும், அளவு தப்பினால் துணியே போய்விடும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஆரம்பிக்கத்தான் கூடாதாம், ஏற்கனவே ஆரம்பித்ததைத் தொடரலாமாம். அதனால் வெள்ளிக்கிழமை பத்து இருபதுக்கு எல்லாத் துணியையும் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துவிடுவேன். பிறகு பன்னிரண்டு மணி வரைக்கும் நிம்மதியாக வெட்டலாம். கல்யாணப் பட்டை மட்டும் நல்ல நேரத்தில்தான் தொடுவேன், அதில் விளையாட்டு இல்லை. ஏழு நாளும் இது உதவும் என்று நினைக்க வேண்டாம். திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை டிபன் கட்டும் நேரம், ஞாயிறு நாலரைக்கு மேல் கடையே கிடையாது, வியாழன் ஒன்றரைக்கு எனக்குத் தூக்கம் வந்துவிடும். நாலு நாள் கிடைக்கிறது, வாரத்துக்கு ஆறு மணி நேரம். பெரிய விஷயம்தான்.

முகூர்த்த நாள் குறிப்பும் அதுபோல உபயோகம். முதல் தாளுக்கு முன்னால் வருடம் முழுக்க உள்ள முகூர்த்த நாள் ஒரே பட்டியலாக இருக்கிறது. எந்த வாரம் கழுத்தைப் பிடிக்கும், எந்த வாரம் காற்று வாங்கும் என்று ஜனவரியிலேயே தெரிந்துவிடும். ஆடியும் மார்கழியும் சும்மா இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது, ஆவணியில் எந்த வாரத்தில் நெருக்கி நெருக்கி வருகிறது என்பது மாதிரி. இந்த வருடம் ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17. ஆடி கடைசி வாரத்திலேயே லைனிங் துணி நாற்பது மீட்டர் வாங்கி, மொத்தமாக நனைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டேன்.

ஆனால் பட்டியலை முழுசாக நம்பிவிடாதீர்கள். பஞ்சாங்கம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை, கணக்குப் போடும் முறையே வேறு. சனிப்பெயர்ச்சியே திருக்கணிதத்துக்கு 2025 மார்ச் 29 என்றும் வாக்கியத்துக்கு 2026 மார்ச் என்றும் ஒரு வருடம் தள்ளி வருகிறது. ஆகையால் என் காலண்டரில் முகூர்த்தம் போடாத நாளில் இன்னொரு வீட்டில் கல்யாணம் இருக்கும். நான் இரண்டு தடவை ஏமாந்த பிறகு நேராகவே "கல்யாணம் என்னைக்கு?" என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது குறைகளைச் சொல்கிறேன். முதல் குறை இந்த முகூர்த்தத் தாளிலேயே இருக்கிறது. முகூர்த்த நாள் என்றால் லக்னம், நேரம், வளர்பிறையா தேய்பிறையா என்று கூடுதலாக இரண்டு மூன்று வரி அச்சடிக்கிறார்கள். கோயில் விசேஷமும் சேர்ந்துகொண்டால் அடியில் வெற்றிடம் அரை அங்குலம்கூட மிஞ்சாது. எனக்கு எந்த நாளில் அதிகம் எழுத வேண்டுமோ அந்த நாளில்தான் இடமே இல்லை! ராசிபலன் மேலேயே எழுதிக்கொள்கிறேன். போன மாதம் ஒரு தாளில் "சாந்தி, 2 ரவிக்கை, மெ" என்பது ரிஷபத்துக்கு "நஷ்டம்" என்பதன் மேல் விழுந்துவிட்டது. சாந்தி ரிஷப ராசி. நல்லவேளை, அவள் பார்க்கவில்லை.

இரண்டாவது, பின்பக்கம். சமையல் குறிப்பு, பாட்டி வைத்தியம், பொன்மொழி என்று நிரப்பியிருக்கிறார்கள். வெள்ளையாக விட்டிருந்தால் அளவு குறிக்க ஆகும். சீரகத் தண்ணீர் குடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் பெரிய குறை. தினம் ஒரு தாள் கிழிக்கத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். இருபது நாள் தள்ளி உள்ள தாளைத் தினமும் பத்துத் தடவை தூக்கிப் பார்க்கச் செய்யவில்லை. பங்குனி வருவதற்குள் மேலே கம்பிப் பின் அடித்த இடத்தில் கட்டு தளர்ந்து, ஒரு நாள் மின்விசிறிக் காற்றில் சித்திரையில் ஒரு வாரம் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது. ஒன்பது ரவிக்கைக்குக் கொடுத்த வாக்கு தரையில். அதிலிருந்து மேலே ஒரு பெரிய இரும்புக் கிளிப் போட்டுவைத்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பிடித்துக்கொள்கிறது. தாளும் மெலிசு. ஜெல் பேனா ஊறும், பால் பாயிண்ட் அழுத்தினால் கிழியும், பென்சில்தான் சரி.

வாரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கவும் முடியாது. அதற்கு மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரைப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். பால் கணக்கோடு, நிறைந்த தேதிக்கு ஒரு பெருக்கல் குறி. அதுவும் சில நேரம் குழப்பும், பால் வராத நாளுக்கும் பெருக்கல் குறிதான்.

சித்தி மகள் சிவகாசியில் காலண்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அங்கே அச்சகம், பட்டாசு, தீப்பெட்டி எல்லாமே ஆபீஸ்தான். ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருடக் காலண்டருக்கு மாதிரி ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவார்கள். பிறகு டிசம்பர் வரை அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இந்த வருடம் ஆகஸ்ட் 3 ஞாயிற்றுக்கிழமை பெருக்குக்குப் போயிருந்தபோது என் மூன்று குறையையும் சொன்னேன். "பின்பக்கம் வெள்ளையா விட்டா யாருக்கா வாங்குவா?" என்று கேட்டாள். நான் வாங்குவேன் என்றேன். அவள் சாப்பாடு போடப் போய்விட்டாள்.

கணக்குச் சொல்ல வேண்டுமே. இந்த வருடம் நான் சொன்ன நாளில் கொடுக்காமல் விட்டது பதினொரு ரவிக்கை. அதில் நாலு, மகளுக்குக் காய்ச்சல் என்று மதுரைக்குப் போன வாரம். தீபாவளிக்கு முந்தின மூன்று நாளில் ஐந்து. தீபாவளி அக்டோபர் 20 என்று தாளில் சிவப்பாகப் போட்டிருந்தும், ஆயுத பூஜைக்கு அக்டோபர் 1-ம் தேதி மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை அதைத் தொடக்கூடாது என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காலண்டர் மேல் அதில் தப்பில்லை. மிச்சம் இரண்டு வெறும் சோம்பல். போன வருடம் எத்தனை என்று கேட்காதீர்கள், எண்ணியதே கிடையாது.

ஆளைப் பொறுத்துத்தான் இது ஒத்துவரும். கொடுக்கிற தேதியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சரி: தையல், இஸ்திரி, பலகாரம் போட்டுக் கொடுக்கிறவர்கள், பந்தல்காரர், மேளக்காரர். ஒரு நாளுக்குள் மணிக்கு ஒருவரைப் பார்க்கிற வேலை என்றால் டைரிதான் வேண்டும்.

நேற்று 2026-க்கு வாங்கப் போனேன். விலை 140 ஆகியிருக்கிறது. கடைக்காரர் பிள்ளையார், லட்சுமி, மீனாட்சி என்று அட்டை அட்டையாக எடுத்துக் காட்டினார். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், "யக்கா, காலண்டருக்குப் பின்பக்கம் பாத்து வாங்குற மொத ஆளு நீங்கதான்" என்றார். வெள்ளையாக ஒன்றும் கிடைக்கவில்லை. பொன்மொழி மட்டும் போட்டது ஒன்று இருந்தது, பாதிப் பக்கம் காலி. அதை எடுத்தேன். இன்னும் ஆணியில் மாட்டவில்லை. தையில் மூன்று தாள் நிறைந்துவிட்டது.